முற்றவெளியைச் சுற்றி ஒரு காலை

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த மருமகனுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்ட வேண்டியிருந்தது. வாகனம் வேண்டாம், நடப்போம் என்றேன். பண்ணைக் கடலோரத்தில் தொடங்கி முற்றவெளியைச் சுற்றிவர அரை நாள் போதும். தூரம் அதிகமில்லை, கதைதான் நீளம்.

காலை ஆறரைக்குக் கோட்டை வாசலில் நின்றோம். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கே எழுப்பியது நாற்கோணக் கோட்டை. 1658 யூன் மாதத்தில், மூன்று மாத முற்றுகைக்குப் பின், அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் அதனை ஐங்கோணமாக மாற்றினார்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, செலாந்து, உத்ரெக்ட் எனத் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டினார்கள். வெளிப்புற அரண் வேலைகள் முடிந்தது 1792 இல். மூன்றே ஆண்டுகளில், 1795 செப்ரெம்பரில், ஆங்கிலேயரிடம் சண்டையின்றிக் கோட்டையை ஒப்படைத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் பலன் இவ்வளவுதான்.

அது உண்மையான போரைக் கண்டது நமது காலத்தில். 1990 இல் மூன்று மாதங்களுக்கு மேலாக நீடித்த முற்றுகையும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளும், 1706 இல் சிலுவை வடிவில் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயத்தைக் கற்குவியலாக்கின. பிற்காலத்தில் நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் சீர்செய்யப்பட்டன. தேவாலயம் எழவில்லை. முருகைக்கற்களின் மீது மருமகன் கை வைத்துப் பார்த்தான். நல்லூர்க் கோயிலை இடித்த கற்கள் இவை என்ற செவிவழிச் செய்தியையும் சொன்னேன். செவிவழிச் செய்தி என்று சொல்லியே சொன்னேன்.

வீரசிங்கம் மண்டபத்தடியில் அதிக நேரம் நிற்கவில்லை. 1974 சனவரி 10 ஆம் நாள், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்வில் உயிரிழந்தோருக்கான நினைவுத்தூண்கள் முற்றவெளியில் நிற்கின்றன. அருகே துரையப்பா விளையாட்டரங்கு. 1975 யூலையில் சுட்டுக்கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர் அது. 1959 இல் பொது நூலகத்தைத் திறந்துவைத்தவரும் அவரே. கூப்பிடு தூரத்தில் தந்தை செல்வாவின் நினைவுத்தூபி. அரசியலில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாதவர்கள் இந்த வெளியில் அயலவர்களாகிவிட்டார்கள்.

வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு, நூலகத்துக்கு வந்தோம்.

இங்கேதான் நான் தயங்கினேன். 1933 இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு முயற்சி, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தில் மாளிகையாகி, 1981 யூன் முதலாம் திகதி இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரியூட்டப்பட்டது. எங்கள் தொழிலில் உள்ளோர் அதைத் தனியாக நினைவில் வைத்திருக்கிறோம்.

"யாழ்ப்பாண வைபவமாலையின்ரை ஒரேயொரு பிரதியும் இங்கைதான் எரிஞ்சதாமே?" என்றான் மருமகன். இணையத்தில் படித்திருக்கிறான். இல்லை என்றேன். அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பே 1879 இல் வெளிவந்துவிட்டது. தமிழிலும் பலமுறை அச்சேறியது. இன்றும் வாசிக்கலாம். உண்மையில் அழிந்தவை, மீண்டும் அச்சேறாத ஏடுகளும் பழைய பத்திரிகைக் கோவைகளும். அவற்றின் பெயர்களை நாம் ஒழுங்காகச் சொல்வதில்லை. இழந்ததை மிகைப்படுத்தினால், இழக்கவே இல்லை என்று வாதிட வருபவனுக்கு நாமே ஆயுதம் கொடுத்தவர்களாவோம். சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன் போலும், அவன் மௌனமானான்.

சரஸ்வதி சிலையைத் தாண்டி உள்ளே போனோம். வெள்ளைச் சுவர்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு அவன் மெதுவாகக் கேட்டான்:

"மாமா, எரிஞ்ச இடம் எது?"

பழைய உருவிலேயே திருத்தியிருக்கிறார்கள். கரி படிந்த ஒரு சுவரும் காட்டுவதற்கு இல்லை. நாம் நிற்கும் இடந்தான் என்றேன்.

வெளியே வந்தபோது பதினொன்றரை. வெயில் ஏறிவிட்டது. நல்லூரை மாலைக்கு ஒத்திவைத்தோம்.