ஊசியின் மேல் பழி

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கப்பல்களின் சரித்திரத்தில் வெகுகாலம் அந்தப் பழியைச் சுமந்தது திசைகாட்டியின் காந்த ஊசி.

ஆஸ்திரேலியக் கரையை அளப்பதற்காக 1801-ல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மாத்யூ பிளிண்டர்ஸ் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கப்பலின் முகம் கிழக்கே திரும்பினால் ஊசி ஒன்று சொல்லிற்று. மேற்கே திரும்பினால் வேறொன்று சொல்லிற்று. கப்பலிலிருந்த இரும்புதான் அதை இழுக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். ஊர் திரும்பும் வழியில் மொரீஷியஸ் தீவில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டார். அங்கிருந்து அவர் எழுதியனுப்பிய கட்டுரை 1805-ல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று.

அவர் சென்றது மரக்கப்பல். பின்னால் கப்பலே இரும்பாயிற்று. 1854 ஜனவரி 19-ம் தேதி 'டெய்லர்' என்ற புத்தம்புது இரும்புக் கப்பல், குடியேறப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்குக் கிளம்பிற்று. திசைகாட்டிகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்று சொன்னதை மற்றொன்று ஒப்பவில்லை. தெற்கே போவதாக எண்ணி மேற்கே போன கப்பல், 21-ம் தேதி அயர்லாந்தை அடுத்த லாம்பே தீவின் பாறையில் மோதிற்று. 300 பேருக்கு மேல் மாண்டார்கள்.

பாய்ப்படகுக்காரர் கைத் திசைகாட்டி வாங்கும்போது இந்தக் கதை நினைவிருக்க வேண்டும். கலங்கரை விளக்கத்தையும் பாகை எண்ணையும் ஒரே பார்வையில் காட்டும் பட்டகக் கண்ணாடி அவசியம். ஷ்மால்கால்டர் என்பவர் 1812-ல் லண்டனில் அதற்கு உரிமை பெற்றார். அலையில் தட்டு ஆடாதிருக்க உள்ளே திரவம் வேண்டும். இரவில் எண் தெரிய வெளிச்சம் வேண்டும். இவ்வளவையும் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாதது, எங்கே நின்று பார்ப்பது என்பது. கருவி கையிலிருப்பதால் இரும்பை விட்டு விலகி நிற்கலாம். அதுதான் அதன் பெருமை. இயந்திரத்தருகே நின்றால் அந்தப் பெருமை போயிற்று. சட்டைப் பையிலுள்ள கத்தியும் மூக்குக்கண்ணாடியின் இரும்புச் சட்டமும் கைபேசியும்கூட ஊசியை மயக்கும்.

சோதிக்க வழி எளிது. மேல்தளத்தில் ஓரிடம் தேர்ந்து நின்று, வெகுதூரத்துக் குன்று ஒன்றைக் குறிவைத்தபடி படகைச் சிறிய வட்டமாகத் திருப்பச் சொல்லுங்கள். பாகை மாறவில்லையென்றால் அதுவே நல்ல இடம். மாறினால், பிளிண்டர்ஸ் கண்டதை நீங்களும் கண்டீர்கள், வேறிடம் பாருங்கள்.

ஊசி, தன்னை இழுப்பதன் பக்கம் திரும்புகிறது. இழுப்பது எது என்று விசாரிக்க வேண்டியவன் மனிதன். டெய்லரில் அந்த விசாரணை கரையில் பிணங்கள் ஒதுங்கிய பிறகுதான் நடந்தது.