தலைக்காய வார்டிலிருந்து வந்த வைத்தியம்

1960இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், மார்பைத் திறக்காமல் கையால் அழுத்தியே நின்றுபோன இதயத்தை மீட்கலாம் என்று அறிவித்தார்கள். அப்படி மீண்டவர்களின் மறுவாழ்வுக்கென ஐரோப்பிய வழிகாட்டுநெறிகளில் ஒரு பகுதி சேர்ந்தது 2015இல்தான். இந்த 55 ஆண்டுத் தாமதத்தை அறியாமையின் கணக்கில் எழுதிவிட முடியாது. மூளையில் சேதம் எங்கே என்பதும் தெரிந்திருந்தது, அதற்கான பயிற்சியும் வேறொரு வார்டில் நடந்துகொண்டிருந்தது.

ரத்தம் சில நிமிடங்கள் தடைபட்டால், மூளையில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸின் சிஏ1 பகுதியிலுள்ள செல்கள் உடனே அல்ல, சில நாள் கழித்தே சாகின்றன என்பதை 1982இல் ஜப்பானியர் கிரினோ எலிவகை விலங்குகளிடம் கண்டார். ஆர்.பி. என்ற அடையாளத்தால் மட்டும் அறியப்படும் அமெரிக்கர், 1978இல் இதய அறுவைக்குப் பின் மூளைக்கு ரத்தம் குறைந்து, புதியது எதையும் மனத்தில் நிறுத்த முடியாமல் ஐந்து ஆண்டு வாழ்ந்தார். அவர் மூளையிலும் அதே பகுதி அழிந்திருந்ததை 1986இல் வெளியிட்டார்கள். பயிற்சியின் கதையோ போரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் எடின்பரோவில் தலைக்காயம் பட்டவர்களைக் கவனித்த உளவியலாளர் ஸாங்வில், இழந்த திறனைச் சுற்றிப் போக வழி தேடுவதும் சிகிச்சையே என்று 1947இல் எழுதினார். அந்த வழியில் வந்த பார்பரா வில்சனும் சகாக்களும் 1985இல் ஒரு நினைவுச் சோதனையை உருவாக்கினார்கள். நோயாளியின் சீப்பையோ பென்சிலையோ வாங்கி, அவர் கண்முன்னே ஒளித்து வைப்பார்கள். சோதனை முடிந்ததும் அவராகக் கேட்டு வாங்க வேண்டும். சொற்பட்டியலை ஒப்பிப்பதைவிட வீட்டுக்கு நெருக்கமான பரீட்சை இது.

பிழைப்பவர்களே சொற்பம், முதலில் உயிர்தானே முக்கியம் என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். இதயப் பிரிவுகள் பயன்படுத்திய ஐந்து படி அளவுகோலில், எழுந்து நடமாடித் தன் வேலையைத் தானே பார்ப்பவர் ‘நல்ல மீட்பு’ என்றே பதிவாவார். காலையில் மனைவி சொன்னது மாலையில் அவருக்கு நினைவில்லை என்பதற்கு அதில் கட்டமே இல்லை. பிழைத்தவர்களின் எண்ணிக்கை பெருகிய பின்னும் அளவுகோல் மாறாததால்தான் குறை கண்ணில் படவில்லை.

இழந்த நினைவைச் சுற்றிப் போக உதவும் குறிப்பேடும் பேஜரும் எப்படி மருத்துவமாகும் என்பது அடுத்த கேள்வி. இறந்த சிஏ1 செல்களைத் திருப்பித் தரும் மருந்து இல்லாத நிலையில், மாத்திரை விழுங்கும் வேளைக்கு இடுப்பில் அதிர்ந்து செய்தி காட்டும் கருவியை நான் மருத்துவம் என்றே சொல்வேன். 143 பேரிடம் நடந்து 2001இல் வெளியான பேஜர் ஆய்வை முடித்தவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர், மறந்துபோகும் அன்றாட வேலைகளை முன்பைவிடச் சரியாகச் செய்தார்கள். அவர்களில் பலர் தலைக்காயக்காரர்களே, இதயம் நின்றவர்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்ற ஆட்சேபத்துக்குத்தான் வலு அதிகம். நெதர்லாந்தின் 2015 ஆய்வு இதயம் நின்று பிழைத்தவர்களிடமே நடந்தது: பயிற்சி பெற்ற செவிலியர் நோயாளியையும் குடும்பத்தாரையும் சந்தித்து, நினைவுக் குறையையும் மனக்கலக்கத்தையும் விசாரித்து, சமாளிக்கும் வழி சொன்னார். ஓராண்டு கழித்து மேம்பட்டிருந்தது வாழ்க்கைத் தரம். நினைவாற்றலே கூடியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஸாங்வில் போர்க்கால வார்டில் கேட்டதும் அவ்வளவுதான்.