பின்னத்துள் அடங்கா அளவு: தமிழ்க் கணக்கு மரபை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

2010ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஹைதராபாத்தில் உலகக் கணிதவியலாளர் மாநாடு நடைபெற்றது. அம்மாநாடு இந்தியாவில் கூடியது அதுவே முதன்முறை. அங்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற நால்வருள் ஒருவர் எலான் லிண்டன்ஸ்டிராஸ். விகிதமுறா எண்களைப் பின்னங்கள் எவ்வளவு நெருங்கக்கூடும் என்பது பற்றிய லிட்டில்வுட்டின் ஊகத்தில் கண்ட முன்னேற்றம் அவர்தம் பணிகளுள் ஒன்றாகும். ஒரு பின்னம் ஓர் அளவை நெருங்குதல் வேறு. அவ்வளவாகவே ஆதல் வேறு. இவ்வேறுபாட்டைத் தமிழ்க் கணக்கு மரபு பற்றிய நம் எழுத்துகள் போதிய அளவு கருதவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

முந்திரியும் மிச்சமும்

இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுதத்தக்கது விகிதமுறு எண். அவ்வாறு எழுத இயலாதது விகிதமுறா எண். இவ்விரண்டையும் பிரித்தறியும் வழியைத் தமிழர் கீழ்வாய் இலக்கத்தைக் கொண்டே விளக்கலாம். முந்திரி என்பது 1/320; கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320இல் ஒரு பங்கு, அதாவது 1/1,02,400.

மூன்றில் ஒன்றை முந்திரியால் அளந்தால் 106 முந்திரி போக, முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். அம்மிச்சத்தைக் கீழ்முந்திரியால் அளந்தால் 213 போக, கீழ்முந்திரியில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். தொடங்கிய இடத்திற்கே வந்துவிட்டோம். மேலும் மேலும் 320ஆகப் பகுத்துச் சென்றால் 106, 213 என்பனவே மாறிமாறி வரும். அளந்து முடியாமை ஒன்றே ஓர் எண்ணை விகிதமுறா எண் ஆக்கிவிடாது என்பது இதனால் விளங்கும். விகிதமுறு எண்ணாயின் அளவை ஒன்று முடியும், அன்றேல் மிச்சம் மீளும். ஏனெனில் வகுத்தலில் தோன்றத்தக்க மிச்சங்கள் வகுக்கும் எண்ணைவிடக் குறைந்த தொகையினவே. அவற்றுள் ஒன்று திரும்ப வந்தே தீரும்.

சதுரத்தின் மூலைவிட்டம் இவ்விரு வகையிலும் அடங்காது. அதற்கும் பக்கத்திற்கும் உள்ள விகிதத்தைச் சுருங்கிய பின்னமாக எழுதலாம் எனக் கொள்வோம். தொகுதியின் வர்க்கம் பகுதியின் வர்க்கத்தைப்போல் இருமடங்காதலின் தொகுதி இரட்டை எண்ணாகும். ஆகவே தொகுதியின் வர்க்கம் நான்கால் வகுபடும். அதில் பாதியாகிய பகுதியின் வர்க்கம் இரண்டால் வகுபடும். எனவே பகுதியும் இரட்டை எண்ணே. சுருங்கிய பின்னத்தில் இரண்டும் இரட்டையாதல் கூடாது. எனவே அத்தகைய பின்னம் இல்லை.

இரு விதிகள்

போதையனார் பாடியதாகப் பரவலாகச் சுட்டப்படும் செய்யுள் ஒன்று, கிடையளவை எட்டுக் கூறாக்கி ஒரு கூறு நீக்கி, எஞ்சியதோடு உயரத்திற் பாதியைக் கூட்டினால் கர்ணம் கிட்டும் என்கிறது. வர்க்கமூலம் இன்றியே பிதாகரஸ் தேற்றத்தைத் தமிழர் கண்டனர் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது. கிடை 4, உயரம் 3 எனின் விடை 5. கிடை 12, உயரம் 5 எனின் 13. இரண்டும் சரியே. கிடை 15, உயரம் 8 எனின் விதி தருவது பதினேழே அரைக்கால். உண்மை அளவு 17. இரண்டும் எட்டாயின் விதி 11 என்கிறது. 11இன் வர்க்கம் 121, வேண்டுவதோ 128.

இப்பிழை தற்செயலானதன்று. பக்கங்கள் விகிதமுறு எண்களாயின் இவ்விதி என்றும் விகிதமுறு விடையையே தரும். எனவே சதுரத்தின் மூலைவிட்டத்தை அது ஒருகாலும் எட்டாது. மதிப்பீட்டு விதியாக அது பயன்படத்தக்கது. தேற்றம் எனல் பொருந்தாது.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வரும் வட்ட விதியோ வேறு தன்மையது. சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியால் பெருக்கப் பரப்பு கிடைக்கும் என்பது அது. சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதமாக எந்தப் பின்னத்தையும் அது நிறுத்தவில்லை. இரண்டையும் அளந்துகொள்ளுமாறு விடுகிறது. ஆதலின் அவ்விகிதம் விகிதமுறா எண்ணாயினும் விதி முற்றிலும் மெய்யாகவே நிற்கிறது. நாம் பெருமை கொள்ளத்தக்க விதி இதுவே. எனினும் மேற்கோளாக மிகுதியும் எடுத்தாளப்படுவது முன்னையதே.

அயல் மரபுகள்

பௌதாயன சுல்ப சூத்திரம் இரண்டின் வர்க்கமூலத்திற்குத் தரும் மதிப்பு 577/408. 577இன் வர்க்கம் 3,32,929. 408இன் வர்க்கத்தின் இருமடங்கு 3,32,928. வேறுபாடு ஒன்றே! அம்மதிப்பைக் குறிக்கும் 'சவிசேஷம்' என்னும் சொல்லைச் சிறு மிகுதி உடையது என ஆய்வாளர் சிலர் பொருள் கொள்வர். ஆரியபடர் கி.பி. 499இல் வட்ட விகிதத்தை 62,832/20,000 எனக் கூறி, அதனை 'ஆசன்னம்', அதாவது அணித்தானது என்றார். கேரளத்து நீலகண்ட சோமயாஜி (1444–1544) அச்சொல்லுக்கு விளக்கம் தந்தார்: விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் அலகு சுற்றளவில் மிச்சம் விடும், சுற்றளவை மிச்சமின்றி அளப்பது விட்டத்தில் விடும், மிச்சத்தைச் சிறிதாக்கலாம், இல்லாமற் செய்ய இயலாது. இதற்கு நிறுவல் பிறந்தது 1760களில், லாம்பர்ட்டால்.

முடிவுரை

ஆசன்னம் என ஆசிரியரே உரைத்தமை அந்நூலின் சிறப்பேயன்றிக் குறையாகாது. தமிழ்க் கணக்கு நூல்களைப் பதிப்பிப்போரும் உரை காண்போரும் ஒவ்வொரு விதியிடத்தும் இது மெய்யளவா, அணித்தான அளவா எனக் கேட்டுக் குறிப்பெழுதல் வேண்டும். இரண்டாம் வகை விதியை முதல் வகையாக உயர்த்திக் கூறின், ஓரிரு எண்களைக் கொண்டு சோதிக்கும் பள்ளி மாணவரே அதனை மறுத்துவிடுவர். அவ்வேளை, மெய்யாகவே நிற்கும் வட்ட விதியின் மீதும் அவர்க்கு ஐயம் எழும்.