பிடி அரிசியும் பெருந்தோட்டமும்

அரசர்களின் கருவூலத்தில் இருந்த பொன்னைப் பற்றிச் சரித்திரம் விரிவாகப் பேசுகின்றது. ஏழையின் அடுப்பங்கரையில், அஞ்சறைப் பெட்டிக்கும் அரிசிப் பானைக்கும் இடையே ஒளித்து வைக்கப்பட்ட காசைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. ஆயினும் மலாயாத் தமிழரின் வாழ்க்கை வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது அந்த அடுப்பங்கரையையே ஆகும். கடல் கடந்து வந்த நம் முன்னோர் என்ன கூலி பெற்றனர் என்பதற்குக் கணக்குப் புத்தகங்கள் உண்டு. அக்கூலியில் அவர்கள் எவ்வாறு மிச்சம் பிடித்தனர், அந்த மிச்சம் என்னவாயிற்று என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

1920-களின் பிற்பகுதியில், மலாயாவின் முக்கியமான தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. கணவனும் மனைவியும் மாதத்தில் 24 நாள் பால்மரக் காட்டில் உழைத்தால், இருவருக்குமாகச் சேர்த்து 21 வெள்ளி 60 காசு கிடைக்கும். அரிசி, உப்பு, புளி, மிளகாய், துணிமணி, பிள்ளைகளின் தேவை, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகிய யாவும் இத்தொகைக்குள் அடங்க வேண்டும்.

இச்சிறு வருவாயைக் கொண்டு குடும்பம் நடத்திய பெண்மணிகள் கையாண்ட முறைகள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றவை அல்ல. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து அவர்களுடன் வந்த வழக்கம். வேளைக்கு ஒரு பிடி குறைவதால் உண்பவருக்குக் குறை தோன்றாது. மாதக் கடைசியில் பானை வெறுமையாகும் நாளிலோ அப்பிடி அரிசியே குடும்பத்தின் மானத்தைக் காக்கும். இரவில் மிஞ்சிய சோறு நீரூற்றப்பட்டு விடியற்காலையில் பழைய சோறாயிற்று. வடித்த கஞ்சி குடிக்கவும் துணிக்குப் போடவும் பயன்பட்டது. மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் சுமக்கும் குடமாயிற்று. பால் டின் குவளையாயிற்று. கிழிந்த சேலை குழந்தைக்குத் தூளியாகி, பின்னர்க் கரித்துணியாகித்தான் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. காய்ந்த பால்மரக் கிளை அடுப்பெரித்தது. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கிற்று. லயத்தின் பின்புறத்தில் முருங்கையும் கீரையும் வளர்ந்தன, கோழி மேய்ந்தது, இயன்றவர் பசு வைத்துப் பால் விற்றனர்.

இதனைக் கஞ்சத்தனம் என்று எள்ளுவோர் உளர். கஞ்சன் தனக்கும் பிறருக்கும் பயன்படாத வண்ணம் பொருளைப் பூட்டி வைக்கின்றான். லயத்துத் தாய் நாளைய பசிக்காக இன்றைய பிடியை ஒதுக்கினாள். அவ்வாறு ஒதுக்கிய பிடி பெரும்பாலும் அவளுடைய பங்கிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதையும் மறைத்தல் நீதியாகாது. வீட்டார் அனைவரும் உண்டு முடித்த பின் எஞ்சியதை உண்பவளுக்கு, சிக்கனம் என்பது பல வேளைகளில் பட்டினிக்கு மற்றொரு பெயராக இருந்தது.

நிற்க. அடுப்பங்கரையில் அடைபட்ட ஓட்டைகள் வாசற்புறத்தில் திறந்தே கிடந்தன. மாதம் ஒரு முறை சம்பளம் வாங்குபவர் எஞ்சிய நாள்களில் கடையில் பற்று வைத்தே சாமான் வாங்க நேர்ந்தது. கணக்கு எழுதியவர் கடைக்காரர். எழுத்தறியாதவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. பல தோட்டங்களில் கள்ளுக்கடை கூப்பிடு தூரத்திலேயே இருந்தது. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் ஊர் மெச்ச வேண்டுமென்று வாங்கிய கடன், பல ஆண்டுகள் பிடி பிடியாகச் சேர்த்ததை ஒரே நாளில் விழுங்கியது.

இந்நிலையில் ரப்பர் விலை சரிந்தது. 1930-ஆம் ஆண்டில் மேற்கூறிய நாட்கூலி முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. 24 நாள் வேலை கிடைத்தாலும் அக்குடும்பத்தின் வருவாய் 17 வெள்ளி 28 காசாக இறங்கிவிட்டது. வேலையோ பலருக்குக் கிடைக்கவேயில்லை. பதினாயிரக்கணக்கானோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இங்கே ஓர் உண்மையைக் கருதல் வேண்டும். அக்காலத்துக் கூலி விகிதம், தொழிலாளி உயிர் வாழ வேண்டிய அரிசி, பருப்பு, துணி முதலியவற்றின் செலவுப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. எனவே, செலவு குறைந்தால் கூலியையும் குறைக்கலாம் என்ற வாதத்துக்கு இடம் உண்டாயிற்று. தாய் மிச்சம் பிடித்தால் அது முதலாளிக்கு மிச்சமாகும் என்றால், இதனினும் கொடியது யாது? 1936-ன் இறுதியில் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி, பழைய 50 காசு, 40 காசு விகிதத்தை மீண்டும் அளிக்க வேண்டுமென 1937-ல் வெளியான தம் அறிக்கையில் பரிந்துரைத்தார். நியாயமான கூலி இல்லாத இடத்தில் சிக்கனத்தைப் போதிப்பது, நீரற்ற கிணற்றில் வாளியைப் பழுது பார்ப்பது போன்றதே.

இனி, சேர்த்த காசை வைப்பதற்கு இடம் யாது? சிங்கப்பூரில் தபால் நிலையச் சேமிப்பு வங்கி 1877-லேயே திறக்கப்பட்டது. ஆயினும் தபால் நிலையம் பட்டணத்தில் இருந்தது. தொழிலாளி காட்டில் இருந்தான். அவன் நம்பியவை மனைவியின் கழுத்துப் பொன்னும், அறிந்தவரோடு போட்ட சீட்டுமே. கூட்டு மலாய் நாடுகளில் 1922-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தபின், மாதச் சந்தா சேர்த்து, அதிலிருந்தே உறுப்பினருக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்கும் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. அரசாங்க ஊழியரிடையே பிறந்த அவை பின்னர்த் தோட்டங்களுக்கும் பரவின. தனித்தனி முந்தானைகளில் முடிந்திருந்த காசு ஒரு பெட்டியில் சேர்ந்தால் வட்டிக்காரனுக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பதை நம்மவர் அப்போதே கண்டனர்.

பணத்தாளை மட்டும் நம்புதலும் தகாது என்பதை ஜப்பானியர் ஆட்சி உணர்த்திற்று. 1942 முதல் 1945 வரை வழங்கிய வாழைமர நோட்டுக்கள், ஆட்சி மாறியதும் வெறுங்காகிதமாயின. அந்நோட்டுக்களை மூட்டையாகக் கட்டி வைத்தவர் கண்ணீர் விட்டனர். அரிசி அரிதாகிய அந்நாள்களில் குடும்பங்களின் உயிரைக் காத்தவை கொல்லையில் ஊன்றிய மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே.

நாடு சுதந்திரம் பெற்ற 1957-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. அவை துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். அதனைத் தடுக்க, துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம். பால்மரம் சீவிய கைகள் கொடுத்த அப்பத்துப் பத்து வெள்ளிகள் திரண்டு பல தோட்டங்களை விலைக்கு வாங்கின. உலைக்கு முன் ஒதுக்கிய பிடி அரிசியின் உண்மையான வரலாறு இங்கேதான் நிறைவு பெறுகின்றது. கூலிக்கு வந்தவன் தான் உழைத்த நிலத்தில் பங்காளியானான்.

இன்று லயங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மலேசியாவில் பழைய தபால் சேமிப்பு வங்கியின் இடத்தில் 1974-ல் தேசிய சேமிப்பு வங்கி வந்தது. பணம் கையில் தோன்றாமலேயே செலவாகும் காலம் இது. ஆதலின் அன்றைய பாடம் இன்று இன்னும் கூடுதலாக வேண்டப்படுகின்றது. ஒவ்வொரு வீட்டிலும் வரவு செலவுக் கணக்கு எழுதப்பட வேண்டும். அதனைக் கணவனும் மனைவியும் ஒருங்கே பார்க்க வேண்டும். சிக்கனத்தின் சுமை ஒருத்தியின் உணவுத் தட்டில் மட்டும் விழலாகாது. ஊர் மெச்சக் கடன் வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். மிஞ்சுவது சிறிதாயினும் அது நம்பிக்கைக்குரிய பொது நிலையத்தில் சேர வேண்டும். பிடி பிடியாக ஒதுக்கத் தெரிந்த சமூகம் நம் சமூகம். ஒதுக்கியதை ஒன்று சேர்க்கவும் தெரிந்துகொள்ளுமாயின், அதனை எவரும் ஏழைச் சமூகம் என்று இகழ இயலாது.