எடுபட்டவர்கள்

2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு மாலை மகளின் விண்ணப்ப முடிவு மின்னஞ்சலில் வந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கலைப் பள்ளியை முதல் விருப்பமாக எழுதியிருந்தாள். ஏழு வயதிலிருந்து படம் கீறுகிறவள். கணினி வேறு பிள்ளைகளின் பெயர்களை எடுத்திருந்தது. இவளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஓர் எண் கிடைத்தது, அதுவும் மூன்று இலக்க எண்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. விசயத்தைக் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "இது தரப்படுத்தல்தான் தம்பி. ஐம்பது வருசம் கழிச்சுப் பேரை மாத்திக்கொண்டு இஞ்சையும் வந்திட்டுது."

1974ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதியவர் மாமா. பொறியியலுக்குப் போதும் என்று ஆசிரியர்கள் நம்பிய புள்ளிகளை எடுத்தும் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கதை எங்கள் வீட்டில் எத்தனையோ தரம் சொல்லப்பட்டிருக்கிறது. நான் கணினி படிக்கப் போனதற்கும், பிறகு வெளிநாட்டில் முதுகலை முடித்ததற்கும் அந்தக் கதைதான் எரிபொருள் என்றும் சொல்லலாம்.

மாமாவின் ஒப்பீடு சரியா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒன்ராறியோவில் சார்ட்டர் பள்ளிகள் கிடையாது. கனடாவில் அவற்றுக்குச் சட்டம் இயற்றிய ஒரே மாகாணம் அல்பேர்ட்டா, 1994இல். இங்கே அந்த இடத்தை நிரப்பியவை பொதுப் பள்ளிகளுக்குள்ளேயே முளைத்த சிறப்புத் திட்டங்கள். எற்றோபிக்கோ கலைப் பள்ளி 1981இல் தொடங்கியது. அதே காலத்தில் நோர்த் யோர்க்கில் குளோட் வொட்சன் கலைப் பள்ளி வந்தது. பின்னர் மார்க் கார்னோ பள்ளியின் அறிவியல் திட்டம், ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் கலைப் பள்ளி என்று நீண்டது. அப்போது ஒவ்வொரு மாநகரத்துக்கும் தனித்தனிப் பாடசாலைச் சபை. 1998இல் அவை எல்லாம் ஒன்றாக்கப்பட்டு ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை உருவானது. ஏறத்தாழ 2,40,000 மாணவர்கள் படிக்கும், கனடாவின் மிகப் பெரிய சபை.

சிறப்புத் திட்டங்களில் சேரப் பிள்ளை நடித்துக் காட்ட வேண்டும், வாத்தியம் வாசிக்க வேண்டும், ஓவியத் தொகுப்பைக் கொண்டுபோக வேண்டும், அல்லது கணிதத் தேர்வு எழுத வேண்டும். இதில் என்ன பிழை என்று கேட்கத் தோன்றும். 2017இல் ரூபென் கஸ்தாம்பிதே பெர்னாண்டஸ், ஜிலியன் பரேக் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் சபையின் தரவுகளை வைத்தே அதற்குப் பதில் எழுதினார்கள். கலைப் பள்ளி மாணவரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளையர். சபையின் உயர்நிலை மாணவர் எல்லோரையும் எடுத்தால் வெள்ளையர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பங்கும் அப்படியே பெருத்திருந்தது. அதே ஆண்டு சபை அமைத்த சமத்துவப் பணிக்குழுவின் வரைவறிக்கை, சிறப்புப் பள்ளிகளைப் படிப்படியாகக் கைவிடலாம் என்றது. பெற்றோர் கொதித்தெழ, அந்தப் பரிந்துரை சில வாரங்களிலேயே காணாமல் போனது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதம், சபை வேறு வழியில் வந்தது. பள்ளிகள் இருக்கட்டும், வாசலை மாற்றுவோம் என்றது. தேர்வும் ஒத்திகையும் போய், விருப்பமுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம், இடங்களைவிட ஆட்கள் கூடினால் குலுக்கல் என்றானது. இடங்களில் 20 வீதத்துக்கு முதற்குடிகள், மெற்றிஸ், இனுயிட், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், மத்திய கிழக்கினர், தென்கிழக்காசியர் ஆகியோருக்கு முன்னுரிமை. தென்னாசியர் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தக் கடைசி வரிதான் மாமாவைச் சுட்டது. எனக்கும் அதில் ஒரு முறைப்பாடு உண்டு, ஆனால் அது தொழில் சார்ந்தது. தரவுகளோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். மும்பையிலிருந்து வந்த வங்கி அதிகாரியின் பிள்ளையும், வன்னியிலிருந்து வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் வளரும் பிள்ளையும் 'தென்னாசியர்' என்ற ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். அட்டவணை அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அட்டவணைக்குள் இல்லாத வேறுபாட்டை எந்தக் கொள்கையும் பார்க்காது.

இனித் தரப்படுத்தலுக்கு வருவோம். அதை ஒரே நிகழ்வாக நினைவில் வைத்திருப்பது நம்முடைய பழக்கம். உண்மையில் அது சில ஆண்டுகளுக்குள் இரண்டு மூன்று உருவம் எடுத்தது. முதல் உருவம் 1970–71 அனுமதியில் வந்தது. பேராதனையில் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 400க்கு 227 புள்ளிகள் போதும், தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229, 250. அதற்கு நான் எந்த நியாயமும் கண்டதில்லை. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது, ஆய்வுகூடம் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டது மொழியை மட்டும். தமிழ் மாணவர் பேரவை பிறந்ததும் அந்தக் கோபத்தில்தான்.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு விதமானது. சனத்தொகைக்கேற்ப ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடங்கள். அது மொழிவாரித் தரப்படுத்தலின் மேலேயே ஏற்றி வைக்கப்பட்டதால் யாழ்ப்பாணம் இரண்டு பக்கத்தாலும் அடிபட்டது. 1970–71இல் ஏறத்தாழ 41 வீதமாக இருந்த பொறியியல் பீடத் தமிழர் பங்கு 1974இல் 16 வீதமானது. மாமா அந்த எண்ணுக்குள் இருக்கிறார்.

ஆனால் அந்த ஒதுக்கீட்டால் கொழும்புச் சிங்களவரும் இழந்தார்கள். கண்டி மலைப்பகுதிச் சிங்களவரும் கிழக்கு முஸ்லிம்களும் பெற்றார்கள். வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கதவு கொஞ்சம் திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு 1823இலேயே வட்டுக்கோட்டைச் செமினரி வந்துவிட்டது. அதைத் தொடர்ந்து மிசன் பள்ளிகளும் சைவப் பள்ளிகளும் ஒன்றோடொன்று போட்டி போட்டு வளர்ந்தன. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது யாழ்ப்பாணம் ஒரு நூற்றாண்டு ஓடி முடித்திருந்தது. மன்னாரில் உயர்தர விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் வீட்டைவிட்டுப் போய்த்தான் படிக்க வேண்டும் என்ற நிலை பல பிள்ளைகளுக்கு. இன்றும் இலங்கையில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்ற கணக்குத்தான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்து மருத்துவபீடம் போகிற பிள்ளைகளில் பலர் அந்தக் கணக்கால் போகிறவர்கள்.

இதைப் புலம்பெயர்ந்த நாம் அதிகம் பேசுவதில்லை. தரப்படுத்தலின் வரலாற்றை எழுதியவர்கள் இடத்தை இழந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். இடம் கிடைத்த தமிழர் தம் பக்கத்தை எழுதவில்லை. எழுதினால் யார் பக்கம் நிற்கிறாய் என்று கேட்கும் காலம் அது.

இந்த நகரத்தில் வரிசைப்படுத்தல் குலுக்கலோடு தொடங்கியதும் அல்ல. 1983க்குப் பிறகு இங்கு வந்து சேர்ந்த எங்கள் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளியில் அடிப்படை, பொது, உயர் என்று மூன்று தடங்களில் ஒன்றில் இருத்தினார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு படிவம். ஆங்கிலம் தெரியாத பெற்றோர் கையெழுத்து வைத்தார்கள். 'பொது' என்றால் எல்லாருக்கும் பொதுவானது என்று நினைத்துக் கையெழுத்து வைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்தத் தடம் பல்கலைக்கழகத்துக்குப் போகாது என்பது மகன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. 1999இல் தடங்களின் பெயர்கள் மாறின. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிரிவினை முழுதாக ஒழிய 2022 ஆனது.

அதற்குள் நாங்களும் தேறிவிட்டோம். மாகாணப் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்து, பிரேசர் நிறுவனத்தின் தரவரிசையைப் பார்த்து, எந்தப் பள்ளி எல்லைக்குள் வீடு வாங்கலாம் என்று கணக்குப் போட்டு மார்க்கத்துக்கும் ஏஜாக்ஸுக்கும் போனோம். அதுவும் பள்ளியை வரிசைப்படுத்துவதுதான், விண்ணப்பப் படிவத்துக்குப் பதில் அடைமானப் பத்திரம். அந்த வரிசையில் நிற்க முடியாதவர்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எவரும் கொதித்ததாக ஞாபகம் இல்லை.

கணினிக்காரன் என்பதால் குலுக்கலின் உள்வேலை எனக்குப் பிடிக்கும். நியூயோர்க்கில் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் 32 எழுத்தில் ஒரு குலுக்கல் எண் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தே தம் பிள்ளையின் நிலையைக் கணிக்கப் பெற்றோர் பழகிவிட்டார்கள். அதன் அடியில் ஓடுவது கேல், ஷாப்லி என்ற இருவர் 1962இல் எழுதிய செய்முறை. அதன் அழகு, மனதிலுள்ள வரிசையை உள்ளபடி எழுதினால் பட்டியலில் இடமிருக்கும்வரை நட்டம் வராது என்பது. பொஸ்டனில் 2005வரை இருந்த முறையில் அப்படி இல்லை. முதல் விருப்பம் தவறினால் இரண்டாவதும் போய்விடும். ஆகவே விவரம் தெரிந்த பெற்றோர் பொய்யான வரிசை எழுதினார்கள், தெரியாதவர்கள் உண்மையை எழுதித் தோற்றார்கள்.

குலுக்கல் என்றதும் தமிழர் எல்லோரும் உத்தரமேரூருக்குப் போவார்கள், நானும் போகிறேன். பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடத்தில் ஓலை, எடுப்பது ஒரு சிறுவன். பெருமைப்படும் அவசரத்தில், யாருடைய பெயர் ஓலையில் எழுதப்படலாம் என்ற பகுதியைத் தாண்டிவிடுகிறோம். கால்வேலிக்கு மேல் வரிநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35க்கு மேல் 70க்குள் வயது. சிறுவனின் கை நேர்மையானதுதான். ஆனால் ஊரில் பெரும்பாலானோர் அந்தக் குடத்துக்குள் இல்லை.

ரொறன்ரோவின் குடத்தையும் அப்படிப் பார்க்க வேண்டும். எற்றோபிக்கோ கலைப் பள்ளிக்கு எவரும் விண்ணப்பிக்கலாம். மோர்னிங்சைட்டில் இருக்கும் பிள்ளை அங்கே போக ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. 2023 யூலையில் ஸ்காபரோ இலகுரயிலும் தடம்புரண்டு நிரந்தரமாக நின்றுவிட்டது. இடைவேளை இல்லாமல் இரண்டு வேலை செய்யும் தாய் எட்டாம் வகுப்பு இலையுதிர் காலத்தில் விண்ணப்பத் திகதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தேர்வு இருந்த காலத்தில் அந்தப் பிள்ளை வாசலில் நின்றது. குலுக்கல் வந்தபின் வாசல் திறந்தது, ஆனால் பஸ் வரவில்லை. என் மகள் குடத்துக்குள் இருந்தாள். அவளுடைய வகுப்பிலிருந்து அந்தப் பள்ளிக்கு விண்ணப்பித்தவர்கள் அவளோடு சேர்த்து இரண்டு பேர்.

இதையெல்லாம் அந்த இரவில் மாமாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அப்போது யோசித்திருக்கவும் இல்லை. மாமா தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். திறமையுள்ளவனை விலத்திவிட்டு நாடு உருப்பட்டதா என்று கேட்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா மன்னார். அவரும் 1974இல்தான் பேராதனைக்குப் போனவர். எந்தக் கணக்கில் போனார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் தரப்படுத்தல் என்றால் மாமாவின் கதைதான்.

"மச்சான்," என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி. "நான் அதிலைதான் எடுபட்டனான்."

மாமா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அது வேறை, அத்தான்," என்றார். அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று இருவரையும் கேட்டா.

அது வேறா என்பதை நான் இரண்டு ஆண்டுகளாக யோசிக்கிறேன். அப்பாவின் புள்ளிகள் மாமாவினதைவிடக் குறைவு. அப்பா பாலங்கள் கட்டினார், நன்றாகவே கட்டினார். மாமா லண்டனில் கணக்கியல் படித்து எங்களில் பாதிப்பேரைக் கனடாவுக்கு அழைத்தார். மாமாவுக்கு நடந்த அநியாயத்தை அப்பாவின் பட்டம் சரிக்கட்டாது. அப்பா படித்திருக்கக் கூடாது என்று மாமாவாலும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் ஒரே வரலாற்றில் எழுதத்தான் எங்களிடம் மொழி இல்லாமல் போனது.

2025 யூன் 27 அன்று மாகாண அரசு சபையின் நிதி நிலையைக் காரணம் காட்டி அதைத் தன் மேற்பார்வையின் கீழ் எடுத்தது. அப்போது சபைத் தலைவராக இருந்தவர் இலங்கையில் பிறந்த நீதன் சண். தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களின் அதிகாரம் ஒரே நாளில் போய், நியமிக்கப்பட்ட ஒருவரிடம் வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் குலுக்கலும் கைவிடப்பட்டது. 2026 செப்ரெம்பர் சேர்க்கையிலிருந்து மறுபடியும் திறமை. குலுக்கல் கொண்டுவந்தபோது கூட்டம் போட்டு மாதக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். அதை எடுத்தபோது வாக்கெடுப்பு நடக்கவில்லை. குலுக்கலை விரும்பாதவர்களும் இந்த வித்தியாசத்தைக் கவனித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மகள் இப்போது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. மகன் எட்டாம் வகுப்பு. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்குக் குடம், மற்றதுக்குத் தேர்வு. அவன் ஓர் அறிவியல் திட்டத்துக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டான். மாமாவுக்குச் சந்தோசம். பிஞ்ச் அவெனியூவில் நல்ல ரியூசன் ஒன்று இருப்பதாகச் சொல்லி, மாதக் கட்டணத்தையும் விசாரித்துக்கொண்டு வந்தார்.

அப்பா பள்ளியின் பெயரை இரண்டு தரம் கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, "காலமை எத்தினை மணிக்கு பஸ்?" என்றார்.