கடல் கடந்த இளவேனில்



இளவேனில் என்னும் சொல்லை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று மனப்பாடமும் செய்திருக்கிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில், அந்தச் சொல்லின் பொருள் நெஞ்சில் பதிவது அரிது. பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் அது ஓரளவு விளங்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பால் சுருங்கும். பால் சுருங்கினால் வீட்டுச் செலவும் சுருங்கும். பிறகு ஒரு நாள் கிளை நுனியில் செம்பு நிறத்தில் தளிர் தெரியும். அந்தத் தளிரைக் கண்டதும் மனத்தில் ஒரு நிம்மதி வருகிறதல்லவா? அந்த நிம்மதியைப் பல மடங்கு பெருக்கிக் கொள்ளுங்கள். அதுதான் சுவீடன் நாட்டு மக்களுக்கு இளவேனில்.

சுவீடன் ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,570 கிலோமீட்டர் நீளமுள்ள நாடு. அதன் வடபகுதியில் நடுக் குளிர்காலத்தில் சூரியன் தலையே காட்டாத நாட்கள் உண்டு. ஏரி உறைந்துவிடும். மண் கல்லாகிவிடும். மாடுகள் மாதக்கணக்கில் தொழுவத்திலேயே அடைந்து கிடக்கும். இலையுதிர் காலத்தில் சேர்த்து வைத்த தீவனமும் தானியமும் வசந்தம் வரும்வரை தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் மாடும் சாகும், மனிதனும் சாவான். ஆகவே அந்நாட்டின் இளவேனில் விழாக்களை வெறும் ஆட்டபாட்டம் என்று நாம் நினைத்துவிடக்கூடாது. பிழைத்துக்கொண்டோம் என்பதைச் சொல்லி மகிழ்ந்த நாட்கள் அவை.

கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் நோன்பு தொடங்குவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை கொழுத்த உணவு உண்ணும் நாள். அன்று செம்லா என்னும் இனிப்பு ரொட்டியை உண்பது வழக்கம். அடோல்ப் பிரெடரிக் என்ற சுவீடன் மன்னர் 1771 பிப்ரவரி 12 அன்று வயிறு புடைக்க விருந்துண்டு, கடைசியில் இந்த ரொட்டியையும் பாலில் ஊறவைத்துத் தின்று, அன்றிரவே மாண்டுபோனார். சுவீடன் பிள்ளைகள் மற்ற மன்னர்களை மறந்தாலும் இவரை மறப்பதில்லை.

மார்ச் 25 வாஃபல் பலகாரத்தின் நாள். இதன் கதை வேடிக்கையானது. கிறிஸ்துமசுக்குச் சரியாக ஒன்பது மாதத்துக்கு முன்பு வரும் இந்த நாள், மரியன்னைக்கு வானதூதர் செய்தி சொன்ன நாள். சுவீடன் மொழியில் அன்னையை 'வோர்ஃப்ரூ' என்பார்கள். பேச்சு வழக்கில் அது தேய்ந்து, பலகாரத்தின் பெயராகிய 'வோஃபல்' என்பது போல ஒலித்தது. நாக்கு புரண்டதால் அன்னையின் திருநாள் பலகாரத் திருநாளாயிற்று. ஆனால் நாக்கு மட்டும் காரணமன்று. வெளிச்சம் கூடக் கூடக் கோழி மீண்டும் முட்டையிடும். பசு மீண்டும் பால் தரும். மாவும் முட்டையும் பாலும் சேர்ந்தால்தானே வாஃபல்?

அடுத்து ஈஸ்டர் திருநாள். சுவீடன் வீடுகளில் பிர்ச் மரத்தின் மெல்லிய கிளைகளை வெட்டி, வண்ண வண்ண இறகுகளைக் கட்டி, தண்ணீர்க் குவளையில் வைப்பார்கள். வீட்டுச் சூட்டில் சில நாட்களில் அது துளிர்க்கும். வெளியே பனி கிடந்தாலும் வீட்டுக்குள் பச்சை தெரியும். இந்தக் கிளைக்கு வேறொரு பழைய வேலையும் இருந்தது. இயேசுநாதர் பட்ட அடிகளை நினைவூட்ட, பெரிய வெள்ளியன்று வீட்டாரை இதனால் அடிப்பார்களாம். அடித்த கிளை இன்று அலங்காரக் கிளை ஆகிவிட்டது.

அதே வாரத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகள் தலையில் முக்காடு கட்டி, கன்னத்தில் சிவப்பு வட்டம் தீட்டி, சூனியக்காரக் கிழவிகளைப் போல வேடமிட்டு வீடு வீடாகப் போவார்கள். தாங்கள் வரைந்த படத்தைக் கொடுத்து மிட்டாய் வாங்கிக்கொள்வார்கள். பார்ப்பதற்கு அழகான விளையாட்டு. ஆனால் அதன் பின்னால் இருக்கும் வரலாற்றைச் சொல்லாமல் போக எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு மனம் வராது.

சூனியக்காரிகள் பெரிய வியாழனன்று துடைப்பத்தில் ஏறி, புளோகுல்லா என்னும் இடத்துக்குப் பறந்து சென்று சாத்தானோடு விருந்துண்பார்கள் என்று அக்கால மக்கள் நம்பினார்கள். 1668 முதல் 1676 வரை இந்த நம்பிக்கை ஒரு கொள்ளை நோயைப் போலப் பரவியது. சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் யார் தெரியுமா? பிள்ளைகள்! 'இந்த அம்மா என்னைப் புளோகுல்லாவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்' என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும். 1675-ல் தோர்சோகர் என்னும் ஊர்ப்பகுதியில் மட்டும் 71 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 65 பேர் பெண்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ முந்நூறு உயிர்கள் போயின. 1676-ல் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நடந்த விசாரணையில், சாட்சி சொன்ன பிள்ளைகள் தாங்கள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகே அந்த வெறி அடங்கியது. பிள்ளைகளின் சொல்லால் கிழவிகள் மாண்ட நாட்டில், இன்று பிள்ளைகளே கிழவிகளாக வேடமிட்டு மிட்டாய் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 30 இரவுக்கு வால்போரி இரவு என்று பெயர். இங்கிலாந்திலே பிறந்து, ஜெர்மனியில் கன்னியர் மடத்தின் தலைவியாக இருந்த வால்புர்கா என்னும் எட்டாம் நூற்றாண்டுப் புனிதையின் பெயர் அது. அன்று மாலை மேட்டு நிலத்தில் விறகும் காய்ந்த சருகும் குவித்துப் பெருந்தீ மூட்டுவார்கள். நம் போகிப் பண்டிகை உங்களுக்கு நினைவு வரலாம். ஆயினும் இரண்டுக்கும் உறவு ஒன்றும் இல்லை. மே முதல் நாள் மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுவார்கள். அதற்கு முந்திய இரவில் ஓநாய் போன்ற விலங்குகளையும் பேய் பிசாசுகளையும் விரட்டவே இந்தத் தீ. உப்சாலா, லுண்ட் முதலிய பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்கள் வெள்ளைத் தொப்பி அணிந்து, குழுவாக நின்று வசந்தப் பாடல்களைப் பாடுவார்கள். மறுநாள் மே தினம். 1939 முதல் அது சுவீடனில் பொது விடுமுறை. முதல் நாள் பாட்டு, மறுநாள் தொழிலாளர் ஊர்வலம். உழைக்கும் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான இரட்டை நாள் வேறு உண்டோ?

இனி இந்த விழாக்கள் கடல் கடந்த கதைக்கு வருவோம்.

1850-ல் சுவீடனில் ஏறத்தாழ 35 லட்சம் மக்கள் இருந்தார்கள். குடும்பங்கள் பெருகின, நிலம் பெருகவில்லை. தகப்பன் நிலத்தை நான்கு பிள்ளைகள் பங்கிட்டால் கல்லும் முள்ளும்தான் மிஞ்சும். இந்த நிலையில் 1867-ம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு வடசுவீடனில் இளவேனில் வரவே இல்லை என்று சொல்லலாம். மே மாதத்திலும் கடுங்குளிர். விதைக்க வேண்டிய நேரத்தில் பனி. 1868-ல் நேர்மாறாக வறட்சி. மரப்பட்டையையும் பாசியையும் மாவோடு கலந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில், 1862-ல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, ஐந்தாண்டு தங்கி உழுபவருக்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. பிறகு கேட்க வேண்டுமா? கோத்தன்பர்க் துறைமுகத்தில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல் நகரில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் சென்று, அங்கிருந்து மீண்டும் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். 1930 வரை இப்படிப் போனவர்கள் சுமார் 13 லட்சம் பேர். நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் போனது சொந்த நிலத்துக்கு. நம்மவர் வந்தது பிறர் நிலத்துக்கு.

போனவர்கள் பெட்டியில் என்ன கொண்டு போனார்கள்? வேதப் புத்தகம், துணிமணி, கைக்கருவி. விழாவைப் பெட்டியில் வைக்க முடியாது. அதை நினைவில்தான் கொண்டு போக வேண்டும். எல்லாமும் போய்ச் சேரவில்லை. வால்போரித் தீ புதிய ஊர்களில் அவ்வளவாகப் பற்றிக்கொள்ளவில்லை. குடியேறியவர்களின் ஊர்களில் திருச்சபையே நடுநாயகம். அந்தச் சபையினர் ஆட்டத்தையும் குடியையும் வெறுத்த பக்திமான்கள். கோயிலோடு ஒட்டிய ஈஸ்டர் பிழைத்தது, ஒட்டாத வால்போரி பின்தங்கியது என்பது எங்கள் கருத்து. பிற்காலத்தில் சுவீடன் மரபுச் சங்கங்கள் சில அதை மீண்டும் கொண்டாடத் தொடங்கின.

கான்சாஸ் மாநிலத்தில் லின்ட்ஸ்போர்க் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1869-ல் ஓலோப் ஓல்சன் என்னும் பாதிரியாரோடு வெர்ம்லாண்ட் பகுதியிலிருந்து வந்த உழவர்கள் அமைத்த ஊர். மரமில்லாப் புல்வெளி, வெட்டுக்கிளிப் படை, கொடுங்காற்று இவற்றோடு போராடிய ஊர். ஓல்சன் 1879-ல் லண்டன் சென்றபோது, ஹாண்டல் என்னும் இசைமேதையின் 'மெசையா' இசையைக் கேட்டு உள்ளம் உருகினார். அவருக்குப் பின் அவ்வூர்ப் பாதிரியாரான கார்ல் ஸ்வென்சனும் அவர் துணைவியார் அல்மாவும் அதை நம் ஊரிலேயே பாடினால் என்ன என்று துணிந்தார்கள். பாட வேண்டியவர்கள் உழவர்கள். பாட்டோ ஆங்கிலத்தில். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரியாக வராது. சொல் சொல்லாக உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்து, பகலெல்லாம் உழுத கையோடு வந்தவர்களை அல்மா அம்மையார் பழக்கினார். 1882 மார்ச் 28 அன்று முதல் நிகழ்ச்சி நடந்தது. இது எளிய காரியமா? எழுத்தறியாதவருக்குக் காவடிச்சிந்து கற்பிக்கலாம். அறியாத மொழியில் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட இசையைக் கற்பிப்பது பெரிய தவம். அன்று முதல் ஈஸ்டர் வாரம்தோறும் மெசையா பாடுவது அந்த ஊரின் வழக்கமாயிற்று. ஐரோப்பியர் எழுதிய இசை, ஆங்கிலச் சொற்கள், பாடியவர்கள் சுவீடன் உழவர்கள், பாடிய இடம் அமெரிக்கப் புல்வெளி. தாய்நாட்டில் இல்லாத ஒரு வழக்கமே தாய்நாட்டை நினைக்கும் வழக்கமாகிவிட்டது. அதே ஊரில் மார்ச் மாதத்தில் வாஃபல் நாளும் கொண்டாடுகிறார்கள்.

சங்கங்களும் தோன்றின. 1896-ல் நியூஹேவன் நகரில் வாசா சங்கம் தொடங்கியது. நோய்வாய்ப்பட்டவருக்கும் இறந்தவர் குடும்பத்துக்கும் உதவுவதுதான் அதன் முதல் நோக்கம். நம் தோட்டங்களில் இருந்த மரண சகாயச் சங்கத்தை நினைத்துக் கொள்ளுங்கள். சவப்பெட்டிக்குப் பணம் சேர்க்கக் கூடியவர்கள், பிறகு பாட்டுக்கும் நடனத்துக்கும் பிள்ளைகள் வகுப்புக்கும் கூடினார்கள். மினியாபோலிஸ் நகரில் ஸ்வான் டர்ன்பிளாட் என்பவர், எட்டு வயதில் பெற்றோரோடு வந்து, அச்சுத் தொழிலில் உழைத்து, சுவீடன் மொழிப் பத்திரிகை ஒன்றின் உரிமையாளராக உயர்ந்தவர், 1929-ல் தம் மாளிகையையே சுவீடன் பண்பாட்டு நிலையத்துக்குக் கொடுத்தார். அமெரிக்க சுவீடன் நிலையம் என்று அது இன்றும் நடக்கிறது.

ஆனால் மொழி என்ன ஆயிற்று? இங்குதான் கதை கசக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1918 மே 23 அன்று, அயோவா மாநில ஆளுநர் ஹார்டிங் ஓர் ஆணை பிறப்பித்தார். பள்ளியிலும், பொது இடத்திலும், ரயிலிலும், தொலைபேசியிலும், கோயில் வழிபாட்டிலும் கூட ஆங்கிலமே பேச வேண்டும் என்றது ஆணை. அது ஜெர்மன் மொழியை மனத்தில் வைத்து எழுந்தது. ஆயினும் சுவீடன் மொழியும் நார்வே மொழியும் அதில் சிக்கின. ஆங்கிலம் அறியாத பாட்டிமார் தங்கள் கோயிலில் வாய் மூடி உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆணை நீங்கியது. ஆனால் அச்சம் நீங்கவில்லை. பெற்றோரே பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேசத் தொடங்கினார்கள். 1920-களில் திருச்சபைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆங்கில வழிபாட்டுக்கு மாறின. ஆணை போட்டவர் ஓர் ஆண்டு கூடப் போட்டுவைக்கவில்லை. வீட்டுக்குள் நடந்த மாற்றத்தைத்தான் திருப்ப முடியவில்லை. பேரப்பிள்ளைகள் வாஃபலைத் தின்றார்கள். அதன் பெயரில் இருந்த அந்தச் சொல் விளையாட்டு அவர்களுக்குப் புரியவில்லை.

1962-ல் போல்கே ஹெட்ப்லோம் என்னும் சுவீடன் அறிஞர் ஒலிப்பதிவுக் கருவியோடு அமெரிக்கா வந்தார். 1964-லும் 1966-லும் மீண்டும் வந்தார். சிற்றூர் சிற்றூராகச் சென்று, முதியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்தார். நூறாண்டுக்கு முன் போனவர்களின் பிள்ளைகள், சுவீடனிலேயே மறைந்துகொண்டிருந்த வட்டார வழக்குகளில் அவரோடு பேசினார்கள். தாய்நாட்டில் மொழி மாறிவிட்டது. கடல் கடந்த வீட்டில் அது பழைய உருவிலேயே நின்றிருந்தது. பேசியவர்களில் பலர் சில ஆண்டுகளில் மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய குரல்களைத் தாங்கிய ஒலிநாடாக்கள் கப்பலேறித் திரும்பிச் சென்றன. வால்போரி நாளில் மாணவர்கள் வெள்ளைத் தொப்பி அணியும் அதே உப்சாலா நகரின் காப்பகத்துக்கே அவை போய்ச் சேர்ந்தன.