கிழவருக்குப் புது இதயம்

திண்டுக்கல்லில் இருந்து வத்தலகுண்டு வரை அம்பாசடர் கார் ராஜா மாதிரி போகும். அப்புறம் கொடைக்கானல் மலை. சுமார் 2,100 மீட்டர் உயரம்! ஏழெட்டுப் பேரைச் சுமந்துகொண்டு ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்காதா, என்ன?

பிரிட்டனில் 1956-ல் வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவிதான் நம்ம அம்பாசடர். நெடுங்காலம் அதற்கு 1489 சிசி பெட்ரோல் இன்ஜின்தான். பின்னால் வந்த டீசல் இன்ஜினும் அதே அளவு. செலவு மிச்சம், சக்தியோ இன்னும் குறைவு!

1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே ஆபரேஷன் செய்தது. பழைய உடம்புக்குள் ஜப்பானின் இசுஸு வடிவமைத்த பெரிய இன்ஜின். 1817 சிசி, 75 குதிரை சக்தி. நான்கு கியர் ஐந்தானது. கிழவர் ஜம்மென்று மலையேறினார்.

பழைய வண்டிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மெக்கானிக்கைப் பிடித்து, பெரிய இன்ஜினை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஏறுவதற்கு அது போதும். இறங்கும்போது? கனமான இன்ஜின் முன்னால் அழுத்த, பழைய டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழந்தால் வளைவில் யார் காப்பாற்றுவது?

2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. வீட்டில் நிற்கும் கிழவருக்குப் புது இதயம் வைக்க ஆசையா? ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்க. அதுக்கும் முன்னாடி, பிரேக்கைப் பாருங்க!